ஸ்கோப்-ஈ 2.08: மடிப்பு வேறு, உறவு வேறு

புரத அமைப்பு வகைப்பாட்டில் ஸ்கோப்-ஈ என்ற தரவுத்தளத்தை இன்றும் முதலில் பரிந்துரைக்க ஒரு காரணம் போதும்: உருவ ஒற்றுமையையும் பரிணாம உறவையும் அது தனித்தனி அடுக்கில் வைக்கிறது. 1995இல் கேம்பிரிட்ஜில் வெளிவந்த ஸ்கோப், 2009இல் 1.75 பதிப்போடு நின்றது. பழைய குறியீடுகளைக் கலைக்காமல் பெர்க்லியில் அதை ஸ்கோப்-ஈ என்ற பெயரில் வளர்த்து வருகிறார்கள்.

மனித ஹீமோகுளோபினை அதன் அமைப்புக் குறியீடான 4எச்எச்பியை வைத்துத் தேடுங்கள். சங்கிலிக்கு ஒன்றாக நான்கு டொமைன்கள் (வகைப்படுத்தும் அலகுகள்) வரும்; எல்லாமே ஏ.1.1.2. ‘ஏ’ ஆல்ஃபா சுருள் மட்டுமே உள்ள வகுப்பு. அடுத்தடுத்த எண்கள் மடிப்பு (ஒட்டுமொத்த உருவம்), பெருங்குடும்பம், குடும்பம். பெருங்குடும்ப எண்வரை ஒத்திருந்தால் பொது மூதாதைக்கு வலுவான சான்று உண்டு. மடிப்போடு ஒற்றுமை நின்றுவிட்டால் உறவென்று சொல்லிவிடாதீர்கள். சி.1 என்ற டிம் பீப்பாய் மடிப்பில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட பெருங்குடும்பங்கள்!

உறவுள்ள புரதங்களைக் கண்டுபிடிக்கும் தேடல் கருவிகளைச் சோதிப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். ஒரே பெருங்குடும்பம் என்றால் சரி, வேறு மடிப்பு என்றால் தவறு. மடிப்பு மட்டும் ஒன்றான இணைகளை எந்தக் கணக்கிலும் சேர்க்க வேண்டாம். இதற்கு விலக்கும் உண்டு: பி.66 முதல் பி.70 வரை பீட்டா புரொப்பெல்லர்கள் (விசிறி இதழ்கள் போன்ற உருவம்). 4 முதல் 8 வரையான இதழ் எண்ணிக்கையால் மடிப்பு பிரிந்திருக்கிறதே தவிர, அவற்றுக்குள் கிடைக்கும் பொருத்தத்தைப் பிழையென எண்ணினால் நல்ல கருவிதான் அடிவாங்கும்.

ஸ்கோப்-ஈயோடு வரும், அமினோ அமில வரிசையில் 40% ஒற்றுமைக்குக் கீழே வடிகட்டிய அஸ்ட்ரல் தொகுப்பு அருமையானது. ஆனால் அதைக் கண்மூடிக் குலுக்கிப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால், ஒரே பெருங்குடும்பத்தின் உறவினர்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிடுவார்கள். மதிப்பெண் பொய்யாக உயரும். பெருங்குடும்பம் பெருங்குடும்பமாகவே பிரியுங்கள்.

வகைப்பாட்டுக் கோப்பின் மூன்றாம் நெடுவரிசை டொமைன் எல்லை. அது பிடிபி (புரத அமைப்புகளின் பொதுக் களஞ்சியம்) கோப்பில் அமினோ அமிலங்களுக்கு உள்ள எண்ணையே பின்பற்றுகிறது. 1, 2 என்று வரிசையாக எண்ணியது அல்ல. இரத்தம் உறைய வைக்கும் த்ராம்பின் நொதியில் 60ஏ, 60பி என எழுத்தொட்டிய எண்கள் உண்டு. சில அமைப்புகளில் எண் கழித்தல் குறியோடு தொடங்கும். தொடக்க எண்ணுக்கும் முடிவு எண்ணுக்கும் இடையிலுள்ள சிறுகோட்டை (-) வைத்து வெட்டும் நிரல் அங்கே உடையும். காற்புள்ளி இருந்தால் டொமைன் துண்டு துண்டாக இருக்கிறது என்று பொருள். ஸ்கோப்-ஈயே டொமைன் வாரியாக வெட்டித் தரும் ஆயத்தொலைவுக் கோப்புகளையே எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

புது அமைப்புகளைச் சேர்ப்பதில் ஸ்கோப்-ஈ மெதுவானது. பிழை நுழையக்கூடாது என்று தானியங்கி முறையை இறுக்கமாக வைத்திருக்கிறார்கள். அதை நான் குறையாகப் பார்க்கவில்லை. அண்மையில் வெளியான அமைப்பு வேண்டுமென்றால் ஈகாட் என்ற மற்றொரு வகைப்பாட்டைப் பாருங்கள். பெருங்குடும்ப வரிசைப்பொருத்தம் தேவையென்றால், பெங்களூரு என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) தரும் பாஸ்2 தரவுத்தளம் ஸ்கோப் அடுக்கின் மேலேயே கட்டப்பட்டது.