35 ஆயிரத்தைக் கதவில் போடுவதா, டிக்கியில் போடுவதா?

மச்சான் வருகிறான் என்பது எனக்கு ஹாரனில் தெரிவதில்லை. பின்பக்க நம்பர் பிளேட் தடதடக்கும் சத்தத்தில்தான் தெரியும். பெங்களூர் அல்சூரில் எங்கள் தெரு குறுகல். கார் திரும்புவதற்கு முன்பே தடதடப்பு வந்து வீட்டு ஜன்னலைத் தட்டிவிடும்.

எங்கள் இரண்டு பேர் காரும் ஒரே மாடல் ஹேட்ச்பேக், நிறம்தான் வேறு. ஏறக்குறைய ஒரே சமயத்தில், ஆளுக்கு 35,000 ரூபாய் வைத்துக்கொண்டு ஜே.சி. ரோட்டில் ஆடியோ மாற்றினோம். அவன் மொத்தத்தையும் டிக்கியில் கொட்டினான்: பேஸுக்கென்றே இருக்கும் பெரிய ஸ்பீக்கரான 12 இன்ச் சப்வூஃபர், அதற்கு ஒரு போர்ட் பாக்ஸ் (குழாய் வைத்த பெட்டி), அதை ஓட்ட ஒரு மோனோ ஆம்ப். கதவில் கம்பெனி ஸ்பீக்கர் அப்படியே கிடக்கிறது. நான் முன்கதவு இரண்டில் கொட்டினேன்: 6.5 இன்ச் காம்போனன்ட் செட், 4 சேனல் ஆம்ப், கதவுக்குள் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட். டிக்கியில் ஒன்றும் இல்லை. யார் ஏமாந்தது என்று இரண்டு வீட்டிலும் பேச்சு கிளம்பியதால், ஒரு ஞாயிறு மாலை ஒரே பென் டிரைவை எடுத்துக்கொண்டு ஓசூர் வரை போய்வந்தோம். முன்னால் ஒரு கார், பின்னாலேயே இன்னொன்று. போகும்போதும் வரும்போதும் இரண்டு பேரும் கார் மாற்றி மாற்றி ஓட்டினோம்.

அதற்கு முன்னால் இந்த வாட் கணக்கை முடித்துவிடலாம். கடையில் முதலில் காட்டுவதே அதைத்தான்.

ஸ்டீரியோ பெட்டியில் 50 வாட் பெருக்கல் 4 என்று போட்டிருக்கும். எஞ்சின் ஓடும்போது காரில் இருப்பது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ அதே எண்ணால் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 52 வருகிறது. பெட்டியில் போட்ட 50 இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அது அலையின் தலையை வெட்டிச் சதுரமாக்கினால் கிடைக்கும் கணக்கு. அப்படி வந்தால் அதற்குப் பெயர் இரைச்சல். ஒழுங்கான அலைக்கு அதில் பாதி, 26. நடுவில் போகிற நஷ்டமெல்லாம் கழித்தால் சேனலுக்கு 15 முதல் 20 வாட் சுத்தமாக வந்தால் பெரிய விஷயம்.

மச்சானின் ஆம்ப் மேல் 2000 வாட் என்று தங்க எழுத்தில் இருக்கிறது. பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃப்யூஸ் 30 ஆம்பியர். 30 பெருக்கல் 14.4 என்றால் உள்ளே போவதே 432 வாட். மின்சாரத்தை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி வகை ஆம்ப், நூற்றுக்கு எண்பது திருப்பித் தரும் என்று தாராளமாக வைத்தாலும் வெளியே 350-ஐத் தாண்டாது. “அப்போ மீதி 1650 எங்க மாமா?” என்றான். ஸ்டிக்கரில் இருக்கிறது என்றேன்.

350 ஒன்றும் கேவலம் இல்லை. வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு “இரண்டு மடங்கு சத்தம்” என்று தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். அதனால் பெட்டியில் வாட்டைப் பார்ப்பதைவிட சென்சிட்டிவிட்டியை, அதாவது ஒரு வாட்டுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பதைப் பாருங்கள். 88 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 91 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால், ஆம்ப்பை இரட்டிப்பாக்கிய பலன் ஆம்ப்பை மாற்றாமலே கிடைத்துவிடும்.

கோஆக்ஸியலா, காம்போனன்ட்டா?

கோஆக்ஸியலில் பெரிய கோனின் நடுவிலேயே ட்வீட்டர், அதாவது மேல்சுருதிக்கான குட்டி ஸ்பீக்கர், உட்கார்ந்திருக்கும். கம்பெனி ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு கப்ளரில் செருகினால் வேலை முடிந்தது. காம்போனன்ட்டில் ட்வீட்டர் தனி, கீழ்ச்சுருதிக்கான வூஃபர் தனி, நடுவில் சத்தத்தை இரண்டுக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர். ட்வீட்டரைக் கண்ணாடி முக்கோணத்திலோ டாஷ்போர்டு ஓரத்திலோ பதிக்கலாம்.

இது ஏன் முக்கியம் என்றால், சுருதி மேலே போகப்போக சத்தம் டார்ச் வெளிச்சம் மாதிரி நேர்கோட்டில் பாயும். 3000 ஹெர்ட்ஸில் அலையின் நீளம் 11 செ.மீ. சொச்சம்தான். கதவில் கீழே இருக்கும் கோஆக்ஸியல் அந்த டார்ச்சை உங்கள் முழங்காலுக்கு அடிக்கிறது. பாடகி முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போல் இருக்கும். ட்வீட்டரை மேலே ஏற்றியதும் குரல் ஸ்டீயரிங்குக்கு மேலே வந்து நிற்கிறது. என் காரில் எனக்குப் பிடித்த ஒரே மாற்றம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் ஆம்ப் போடப்போவதில்லை, ஸ்டீரியோவின் 15 வாட்டே போதும் என்றால் காம்போனன்ட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். சென்சிட்டிவிட்டி அதிகமுள்ள நல்ல கோஆக்ஸியல் போதும். பின்கதவு ஸ்பீக்கருக்கு எப்படியும் கோஆக்ஸியலே போதும்.

கதவுதான் பாக்ஸ்

கடையில் இதை யாரும் தானாகச் சொல்வதில்லை. ஸ்பீக்கர் கோன் முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்னால் போகும் அலையும் பின்னால் போகும் அலையும் ஒன்றுக்கொன்று எதிர். இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். முதலில் காணாமல் போவது பேஸ். அதனால்தான் ஸ்பீக்கருக்குப் பெட்டி. காரில் அந்தப் பெட்டி எது? கதவு.

அந்தக் கதவின் லட்சணத்தை டிரிம்மைக் கழற்றினால்தான் பார்க்க முடியும். என் காரில் உள்தகட்டில் என் கை முழங்கை வரை போகும் அளவுக்கு ஓட்டை, கண்ணாடி மோட்டாரைப் பொருத்துவதற்காக விட்டது. அதன் மேல் கறுப்புப் பசையில் ஒட்டிய ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள், மளிகைக்கடைப் பையை விடக் கொஞ்சம் கனம். கோனின் பின்னால் போகும் அலை அந்தத் தாளை உதறிவிட்டு நேராக உள்ளே வந்துவிடும். வெளித்தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. விரலை மடக்கித் தட்டினால் எண்ணெய் டின் மாதிரி “டங்” என்றது.

இதற்குத்தான் நான் போட்ட டேம்பிங் ஷீட். பியூட்டைல் ஷீட் என்பார்கள், ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் பிசுபிசுக்கும் ரப்பர். ஒட்டி, சின்ன ரோலரால் அழுத்தி உருட்ட வேண்டும். தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை, நடுப்பகுதியில் கால்வாசி மூடினாலே அதிர்வு அடங்கிவிடுகிறது. ஆனால் உள்தகட்டின் ஓட்டையை முழுதாக அடைக்க வேண்டும். ஒட்டி முடித்துத் தட்டியபோது “தொப்” என்றது, பூசணிக்காயைத் தட்டினது போல. அதே ஸ்பீக்கர், அதே வால்யூம். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி முதல் முறையாகக் கதவிலிருந்தே கேட்டது.

இங்கே இரண்டு எச்சரிக்கை. விலை குறைவு என்று தார் ஷீட்டைத் தலையில் கட்டுவார்கள். அது மொட்டைமாடிச் சமாச்சாரம். வெயிலில் நின்ற காரில் இளகி, தார் ரோடு போடும் வாசனையை உள்ளே பரப்பும். இன்னொன்று, கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடியச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அவற்றை மூடிவிட்டால் பெங்களூர் மழைக்குக் கதவு குடமாகி, உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

ரோடு சத்தம் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தால் மட்டும் ஏமாற்றம்தான். அது பெரும்பாலும் டயரிலிருந்து தரை வழியாகவும் சக்கர வளைவு வழியாகவும் ஏறுகிறது. கதவுக்கு அதில் பங்கு குறைவு.

டிக்கி பக்கம்

சரி, இப்போது மச்சான் கார். சில்க் போர்டு நெரிசலில் அரைமணி நேரம் நின்றோம். வால்யூம் குறைவு, ஜன்னல் மூடியிருக்கிறது. என் காரில் தவில் அடி அடியாகப் பிரிந்து கேட்டது. அவன் காரில் ஒரு அடி முடிவதற்குள் அடுத்ததன் மேல் வழிந்தது. “தம்... தம்...” என்று எல்லாப் பாட்டும் ஒரே கல்யாண மண்டபத்தில் நடப்பது போல.

அத்திப்பள்ளி நெருங்கும்போது கதை தலைகீழ். 90-ல் போகும்போது டயர் உறுமல் கீழ்ச்சுருதிகளைத்தான் மூடுகிறது, அதாவது என் கதவுகள் பாடுபட்டுக் கொடுக்கும் பேஸை. என் காரில் பாட்டு ஒல்லியாகிவிட்டது. அவன் காரில் பேஸ் ரோட்டுக்கு மேலே ஏறி நின்றது. ஹைவேயில் அவன் ஜெயித்தான். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு தேவையில்லை.

குழாய் வைத்த போர்ட் பாக்ஸுக்கும், குழாயில்லாமல் முழுக்க மூடிய சீல்டு பாக்ஸுக்கும் வித்தியாசம் இதுதான்: போர்ட் பாக்ஸ் அந்தக் குழாயின் சுருதிக்குப் பக்கத்தில் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். அதற்குக் கீழே தடாலென்று விழும், ஆக்டேவுக்கு (அதாவது ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 24 டெசிபல். சீல்டு பாக்ஸ் 12 டெசிபல் என்று மெதுவாக இறங்கும். ஹாலில் வைத்துக் கேட்டால் போர்ட் பாக்ஸுக்குத்தான் லாபம். கார் ஹால் இல்லையே. அலையின் பாதி நீளம் கார் உள்நீளத்தைவிடப் பெரிதாகும் இடத்திலிருந்து, நம் அளவுக் காருக்கு சுமார் 60 ஹெர்ட்ஸில் தொடங்கி, கேபினே பேஸைத் தூக்கிக் கொடுக்க ஆரம்பிக்கும். ஜன்னலும் தகடும் கொஞ்சம் கசிந்தாலும், சீல்டு பாக்ஸ் விடுகிற இடத்தைக் கார் ஏறக்குறைய நிரப்பிவிடுகிறது. ஏற்கெனவே தூக்கிய போர்ட் பாக்ஸை அதுவும் தூக்கும்போதுதான் கல்யாண மண்டபம்.

ஓசூரில் டீ குடித்துவிட்டு, மச்சான் கார் துடைக்க வைத்திருந்த பழைய துண்டைச் சுருட்டி அந்தக் குழாய்க்குள் இறுக்கித் திணித்தேன். சீல்டு பாக்ஸுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். பதறினான். ஒரு பாட்டு ஓடவிட்டோம். சத்தம் குறைந்தது, தவில் பிரிந்தது. “கம்மியா இருக்கு மாமா” என்றான், ஆனால் துண்டை எடுக்கவில்லை.

இதில் நம்பர் பிளேட்டுக்கும் பங்கு உண்டு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. சப்வூஃபர் டிக்கியில் இருந்தாலும் பேஸ் முன்னாலிருந்து வருவது போல் தோன்ற வேண்டும். ஆனால் நம்பர் பிளேட்டின் தடதடப்பு அதைவிட எவ்வளவோ மேலே இருக்கும் சத்தம். காது அதைப் பிடித்துக்கொண்டு, மொத்தப் பேஸையும் பின்னால் இழுத்துப் போட்டுவிடும்.

மூன்றாவது வழி, சீட்டுக்கு அடியில் செருகும், ஆம்ப் உள்ளேயே இருக்கும் 8 இன்ச் ஆக்டிவ் சப்வூஃபர். நெஞ்சை அதிர வைக்காது, என் காரில் ஹைவேயில் காணாமல் போனதை ஓரளவு மீட்டுத் தரும். டிக்கி அப்படியே மிச்சம். பொங்கலுக்கு ஊருக்குப் போய் அரிசி மூட்டையோடு திரும்பும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. மச்சான் போன தடவை மூட்டையைப் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்தான்.

காசில்லாத வேலை இரண்டு

நம் ஊரில் டிரைவர் வலப்பக்கம். வலது ஸ்பீக்கர் கிட்டே, இடது தூரம். மனைவியின் தையல் டேப்பை எடுத்து அளந்தேன்: காதிலிருந்து வலது 95 செ.மீ., இடது 135. சத்தம் மில்லிசெகண்டுக்கு 34 செ.மீ. ஓடும். 40 செ.மீ. வித்தியாசத்துக்கு 1.2 மில்லிசெகண்ட். முதலில் வருகிற பக்கமே சத்தம் பிறக்கும் பக்கம் என்று காது முடிவு கட்டிவிடும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-ல் இதைச் சோதித்து எழுதினார். ஸ்டீரியோவில் டைம் அலைன்மென்ட் இருந்தால் வலதை 1.2 தாமதப்படுத்துங்கள், பாடகி நேர் எதிரே வந்துவிடுவார். பக்கத்து சீட்டுக்கு இது இரட்டைத் தண்டனை. “ஏங்க, எல்லாம் என் கதவுலேருந்துதாங்க வருது” என்று வீட்டில் சொன்னது சரிதான். அவருக்கு இடது 2.4 மில்லிசெகண்ட் முந்துகிறது. இரண்டு செட்டிங் சேமித்து வைத்திருக்கிறேன்.

அடுத்தது எர்த். வேலை முடிந்து வெளியே வந்த முதல் நாளே என் ஸ்பீக்கரில் “ங்ஙீஈஈ” என்று ஒரு முனகல். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சுருதி ஏறும். கடையில், இரண்டு நாளில் சரியாகிவிடும் சார் என்றார்கள். ஆகவில்லை. சீட்டைத் தூக்கிப் பார்த்தால், எர்த் வயரைப் பெயின்ட்டுக்கு மேலேயே ஸ்க்ரூ போட்டிருந்தார்கள். உப்புத்தாளால் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து முடுக்கினதும் முனகல் போச்சு. ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. வயரை ஒரு பக்கம், பேட்டரி வயரை மறுபக்கம் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயர் எங்காவது உரசினால் தீதான். வயர் செம்புதானா என்று சுரண்டிப் பாருங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியம் என்றால் உள்ளே வெள்ளையாக இருக்கும், அதே தடிமனில் மின்சாரம் கடத்துவது செம்பில் மூன்றில் இரண்டு பங்கு கூட வராது. ஒரிஜினல் வயரை வெட்ட விடாதீர்கள், கப்ளர் கேளுங்கள். வாரன்ட்டி பேச்சு வரும்போது தெரியும்.

புளூடூத்தா பென் டிரைவா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஓசூர் ரோட்டில் 90-ல் அந்த வித்தியாசம் கேட்கிற காது எனக்கு இல்லை.

மறுபடி அதே 35,000 கையில் வந்தால்? கதவு ஷீட் முதலில், அதில் பேச்சே இல்லை. காம்போனன்ட் அப்படியே. ஆம்ப்பை இன்னும் சின்னதாக வாங்கி, மிச்சத்தை சீட்டடி சப்புக்குப் போடுவேன். தினமும் ஹைவேயில் ஓடுகிறவர், பேஸ் பிரியர் என்றால் மச்சான் வழியும் தப்பில்லை, சீல்டு பாக்ஸாக இருக்கட்டும். கதவை மட்டும் விட்டுவிடக் கூடாது.

போன வாரம் மச்சான் வந்தான். “அந்த ஷீட் மீதி இருக்கா மாமா?” என்றான். இரண்டு துண்டு வெட்டி நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒட்டிக் கொடுத்தேன். டிக்கியைத் திறந்தபோது பார்த்தேன், அந்தப் பழைய கார் துடைக்கும் துண்டு இன்னும் குழாய்க்குள்தான் இருந்தது.