புல்லட் 350: ஓசைக்காகவே வைத்திருக்கும் வண்டியின் நீண்ட கால அனுபவம்

1990களின் நடுவில் திருவொற்றியூர் ஆலையில் தயாரான புல்லட் ஸ்டாண்டர்டு 350 வண்டியொன்றைப் பல ஆண்டுகளாக நாமக்கல்லில் ஓட்டி வருகிறேன். வலது காலில் கியர், இடது காலில் பிரேக், பாயிண்ட் இக்னிஷன் (திறந்து மூடும் சிறு தொடுமுனையால் பொறி எழுப்பும் முறை) என எல்லாம் ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. லிட்டருக்கு 30 முதல் 35 கிலோமீட்டர் கிடைக்கிறது. உதிரிபாகங்களுக்கு இன்றுவரை பஞ்சமில்லை. இருக்கை நீண்ட பயணத்துக்கு ஏற்றது. இவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. புதிய வண்டி வாங்கிய பிறகும் இதை விற்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதன் எஞ்சின் ஓசை ஒன்றுதான். அந்த ஓசை எங்கிருந்து வருகிறது, அது ஏன் மனத்தை இப்படிப் பிடித்துக்கொள்கிறது, அதைக் கெடுக்காமல் காப்பது எப்படி என்பதையே இங்கு எழுதுகிறேன்.

இந்த எஞ்சினின் குடும்பம் பழையது. இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. இங்கிலாந்தில் தயாரிப்பு நின்றுபோன பிறகும் சென்னையில் அதே எஞ்சின் பல பத்தாண்டுகள் தொடர்ந்து வார்க்கப்பட்டது. 346 சிசி கொள்ளளவு, 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 18 குதிரைத்திறன். அலுமினிய ஹெட்டின் கீழே கனமான வார்ப்பிரும்பு சிலிண்டர், உள்ளே சுழற்சியைத் தாங்கிப் பிடிக்கும் இரண்டு பெரிய ஃப்ளைவீல்கள் (கனமான சக்கரங்கள்), தனியாகப் பொருத்தப்பட்ட நான்கு கியர் பெட்டி. போரைவிட ஸ்ட்ரோக் இவ்வளவு நீளமாக இருப்பதையும் ஃப்ளைவீலின் எடையையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நாம் கேட்கும் ஓசையின் பெரும்பகுதி இந்த இரண்டிலிருந்தே பிறக்கிறது.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகாமல் எஞ்சின் ஓடும்போது, நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 450 வெடிப்புகள், அதாவது நொடிக்கு ஏழு அல்லது எட்டு. மனிதக் காது ஏறக்குறைய நொடிக்கு இருபது அதிர்வுகள் வரை ஒவ்வொன்றையும் தனித்தனி அடியாகக் கேட்கிறது. அதைத் தாண்டினால் அடிகள் ஒன்றோடொன்று கலந்து ஒரு சுருதியாகத் தோன்றத் தொடங்குகின்றன. நான்கு சிலிண்டர் கார் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இருமுறை வெடிப்பதால், அதே 900 சுற்றில் நொடிக்கு 30 வெடிப்புகளை எட்டிவிடுகிறது. ஆகையால் அது நின்ற நிலையிலேயே முனகலாகத்தான் கேட்கும். புல்லட் எஞ்சினோ 2400 சுற்றை நெருங்கும்போதுதான் அந்த எல்லையைத் தொடுகிறது, டாப் கியரில் மணிக்கு ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வேகம் அது. ஊருக்குள்ளும் கிராமச் சாலைகளிலும் நாம் ஓட்டும் வேகம் முழுவதும் தாளத்துக்கும் சுருதிக்கும் நடுவிலுள்ள அந்த எல்லையிலேயே கிடக்கிறது. ஆக்சிலரேட்டரைச் சற்றுத் திருகினால் அடிகள் கலக்கின்றன, விட்டால் மறுபடி பிரிந்து வருகின்றன. முதல் காலத்தில் ஒவ்வொரு சொல்லாக எண்ணிக் கேட்கும்படி வாசித்த மிருதங்கம் மூன்றாம் காலத்தில் ஒரே பெருக்காகிவிடுவதைப் போன்ற அனுபவம் இது. அந்தக் காலமாற்றம் ஓட்டுபவரின் வலக்கையில் இருக்கிறது என்பதுதான் இந்த வண்டியின் மிகப் பெரிய இன்பம் என்று நான் கருதுகிறேன்.

புல்லட்டின் ஓசையை இதயத்துடிப்பு என்று சொல்வது வழக்கம். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை, ஏனென்றால் எந்த மனித இதயமும் நொடிக்கு ஏழு முறை துடிப்பதில்லை. காதைப் பிடித்து நிறுத்துவது அந்த அடிகளுக்குள் இருக்கும் சிறு வேறுபாடுதான். ஐடிலில் முந்தைய வெடிப்பின் புகையில் ஒரு பகுதி சிலிண்டருக்குள்ளேயே தங்கிவிடுவதாலும், கார்ப்பரேட்டர் தரும் கலவை ஒவ்வொரு முறையும் இம்மியளவு மாறுவதாலும், எந்த இரண்டு வெடிப்புகளும் முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஒன்று சற்று வலுவாக விழும், அடுத்தது மெல்லியதாக விழும், சில நேரம் ஓர் அடி தயங்குவது போலிருந்து மறுபடி சேர்ந்துகொள்ளும். அந்தத் தயக்கத்தின்போது எஞ்சின் நின்றுவிடாமல் தாங்குவது ஃப்ளைவீலின் எடை. ஒரே சீராக ஒலிக்கும் எதையும் காது சிறிது நேரத்தில் ஒதுக்கிவிடுகிறது. இப்படி மாறி மாறி வரும் அடியைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டே இருக்கிறது.

வண்டியைக் கிளப்பும் முறையும் இந்த ஓசையின் ஒரு பகுதிதான். சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெதுவாக அமுக்கிக்கொண்டே வந்தால், பாயிண்ட் மூடியிருக்கும்வரை, மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்ப்மீட்டரின் முள் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சியை நெருங்கும்போது பாயிண்ட் திறந்து முள் நடுவுக்கு வரும். அந்த இடத்தில் இடது கைப்பிடியிலுள்ள டீகம்ப்ரஸரை (சிலிண்டரின் அழுத்தத்தைத் திறந்துவிடும் லீவரை) பிடித்து, 'ஸ்ஸ்' என்று காற்று வெளியேற, பிஸ்டனை உச்சியிலிருந்து ஒரு துளி தாண்டவிட்டு, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடல் எடையை வைத்து ஒரே நீள உதையாக உதைத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று அடிகள் தனித்தனியாக, கனமாக விழுந்து, பிறகு தாளம் கூடிவரும். பட்டனை அழுத்திக் கிளப்பும் எஞ்சினில் இந்த முதல் அடிகள் ஸ்டார்ட்டர் மோட்டாரின் இரைச்சலுக்குள் மறைந்துபோகின்றன.

சற்றுப் பழகிய பிறகு, ஓசை என்று மொத்தமாக நாம் சொல்வது உண்மையில் பல ஓசைகள் என்பது புரியும். வலப்பக்கம் சைலன்சரிலிருந்து வரும் அடி, கார்ப்பரேட்டர் காற்றை இழுக்கும் உறிஞ்சல், இடப்பக்கம் எஞ்சினைக் கிளட்சோடு இணைக்கும் பிரைமரி செயினின் மெல்லிய சலசலப்பு, சிலிண்டரின் அடியில் புஷ்ராடு (வால்வைத் திறக்க மேலே தள்ளும் கம்பி) இருக்கும் இடத்திலிருந்து, அதைத் தூக்கும் டாப்பெட்டின் 'டிக் டிக்'. ஒவ்வொன்றும் ஒரு செய்தியைச் சொல்கிறது. டைமிங், அதாவது பொறி விழும் நேரம், பின்தங்கினால், எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் கலவை எரிந்துகொண்டே இருப்பதால் அடி மழுங்கி, பைப் சூடேறி நீலம் பாய்கிறது. டைமிங் முந்தினால், சுமையோடு ஏற்றம் ஏறும்போது உலோகத்தைச் சுண்டுவது போன்ற 'கிணுகிணு' ஓசை கேட்கிறது, கிக்கரும் காலைத் திருப்பி அடிக்கிறது. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதும், உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் பொறி விழ வேண்டும் என்பதும் கையேட்டுக் கணக்கு. அந்தக் கணக்கு தவறியிருப்பதை அளவுகோலுக்கு முன்பே காது சொல்லிவிடும்.

லாரிப் பட்டறைகள் நிறைந்த எங்கள் ஊரில் ஓசையை வைத்தே நோயைச் சொல்லும் மெக்கானிக்குகளுக்குக் குறைவில்லை. என் வண்டியைப் பார்ப்பவர் எப்போதும் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் வரச் சொல்வார். சிலிண்டரின் வலப்பக்க அடியிலுள்ள சிறு மூடியைக் கழற்றி, புஷ்ராடை இரண்டு விரல்களால் சுழற்றிப் பார்ப்பார்; தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. ஒருமுறை, அந்த 'டிக் டிக்' அறவே கேட்காதபடி இறுக்கிவிடலாமா என்று கேட்டேன். "டாப்பெட் கொஞ்சம் பேசணும் சார். பேசாம இருந்துச்சுன்னா வால்வு சரியா உக்காரலன்னு அர்த்தம், கருகிடும்," என்றார். ஓசையைப் பற்றி எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

'டப் டப்' என்று நிறுத்தி நிதானமாக ஒலிக்க வேண்டும் என்பதற்காக ஐடிலை மிகவும் குறைத்து வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. அடிகள் எவ்வளவு விலகி விழுகின்றனவோ அவ்வளவு கம்பீரமாகத் தோன்றுகின்றன. ஆனால் இந்த எஞ்சினின் ஆயில் பம்ப் எஞ்சின் சுற்றாலேயே இயங்குவது. சுற்று குறைந்தால், மேலே வால்வை அமுக்கும் ராக்கருக்கும், கீழே பிஸ்டனின் தண்டு கிராங்கோடு (எஞ்சினின் சுழலும் அச்சோடு) சேரும் பிக் எண்டுக்கும் போகும் ஆயிலும் குறைகிறது, ஆம்ப்மீட்டர் முள்ளும் டிஸ்சார்ஜ் பக்கம் சாய்ந்தே நிற்கிறது. சிக்னலில் நிற்கும்போது முள் நடுவை விட்டுப் பெரிதாக நகராத அளவில் ஐடிலை வைத்துக்கொண்டால் ஓசையும் அழகாக இருக்கும், எஞ்சினும் நெடுநாள் வாழும்.

சைலன்சரை மாற்றுவது பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: மாற்றக் கூடாது. ஆலையிலிருந்து வரும் நீண்ட சைலன்சர் ஒவ்வொரு வெடிப்பின் கூர்முனையையும் உள்ளேயே உடைத்து, தாழ்ந்த பகுதியை மட்டும் வெளியே விடுகிறது. உள்ளிருக்கும் தடுப்புகளை நீக்கிய சைலன்சரில் முதலில் வெளிவருவது அந்தக் கூர்முனைதான். சத்தம் கூடுகிறது, ஆழம் போய்விடுகிறது. பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் கார்ப்பரேட்டர் ஜெட்டை மாற்றாமல் விட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து, ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் பின்னால் பட்டாசு வெடிக்கிறது. மருத்துவமனை வாசலிலும் நள்ளிரவுத் தெருவிலும் பிறரை நடுங்கவைக்கும் அந்தச் சத்தத்தை எஞ்சினின் ஓசை என்று என்னால் ஏற்க முடியவில்லை. சட்டமும் ஏற்கவில்லை; மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி அபராதத்தோடு ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் பறிபோகலாம்.

இந்த ஓசையை அதன் முழு அழகோடு கேட்க எனக்குத் தெரிந்த சிறந்த இடம் கொல்லிமலை. காரவள்ளியைத் தாண்டியதும் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளில், ஒருபக்கம் பாறைச் சுவர் நெருங்கிவரும் இடங்களில், சைலன்சரின் அடி பாறையில் பட்டுக் காதுக்குத் திரும்பி வருகிறது. இரண்டாம் கியரில் வளைவை விட்டு வெளியேறும்போது ஒவ்வொரு வெடிப்பும் பின்சக்கரத்தைத் தரையில் ஊன்றித் தள்ளுவதை இருக்கையிலேயே உணரலாம். காதில் விழும் அடியும் உடலில் விழும் அடியும் அங்கே ஒன்றாகவே வருகின்றன. அதிகச் சுற்றில் விரட்டினால் மலையேற்றம் விரைவாக முடியும், ஓசை கிடைக்காது. நீண்ட ஸ்ட்ரோக் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே இழுவை தருவதால், விரட்டாமலே ஏற முடிகிறது.

பிற எஞ்சின்களையும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நண்பரின் யமஹா ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கிறது. 7500 சுற்றில் நொடிக்கு 125 வெடிப்புகள் என்னும்போது அங்கே தாளத்துக்கு இடமில்லை, ஏறிக்கொண்டே போகும் சுருதிதான் அதன் அழகு. ராயல் என்ஃபீல்டின் 648 சிசி இரட்டைச் சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் 270 டிகிரியில் அமைந்திருப்பதால் இரண்டு வெடிப்புகள் அடுத்தடுத்தும் பிறகு ஓர் இடைவெளியுமாக வருகின்றன. அந்த நொண்டி நடை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 2020இல் வந்த புதிய 349 சிசி ஜே வரிசை எஞ்சினில் அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட், ஃப்யூயல் இன்ஜெக்ஷன், 72 க்கு 85.8 மில்லிமீட்டர் அளவு. நெடுஞ்சாலையில் கைகள் மரத்துப்போகாமல் நாள் முழுவதும் ஓட்ட அதுவே மேல் என்பதை மனதாரச் சொல்வேன். அதன் ஓசையும் உருண்டையாக, இனிமையாக இருக்கிறது. அடிக்கு அடி வேறுபாடு மட்டும் ஏறத்தாழ மறைந்துவிட்டது. இப்போது சில மின்சாரக் கார்கள் எஞ்சின் ஓசையை ஸ்பீக்கர் வழியாகவே எழுப்புகின்றன. வெடிப்பே இல்லாத இடத்தில் வெடிப்பின் ஓசையைக் கேட்பதைவிட, மோட்டாரின் அமைதியை அமைதியாகவே கேட்க நான் விரும்புவேன்.

பழைய புல்லட் வாங்க நினைப்பவர்கள், விற்பவரிடம் வண்டியை முன்கூட்டியே கிளப்பி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆறிய எஞ்சினைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு உங்கள் முன்னாலேயே கிளப்பச் சொல்லுங்கள். ஆறியிருக்கும்போது சிலிண்டர் பக்கம் பிஸ்டன் லேசாகத் தட்டி, சூடேறியதும் அடங்கினால் கவலையில்லை. சூடேறிய பிறகும் தட்டினால் போர் தேய்ந்திருக்கிறது. பிறகு ஏற்றமான சாலையில் மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரைச் சற்றே முறுக்கிக் கேளுங்கள். காலுக்குக் கீழே, எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து 'தொம் தொம்' என்று ஆழமாக ஒரு தட்டு சுமையோடு கூடி வந்தால் அது பிக் எண்டு. கிராங்கை வெளியே எடுக்காமல் அதைச் சரிசெய்ய முடியாது, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.