வாரிசுச் சான்றா, சக்சஷன் சர்டிபிகேட்டா?

அப்பா உயில் எழுதாமல் இறந்து, அம்மா இருக்கிறார் என்றால், பாலக்காடு மாவட்டம் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் முதலில் போக வேண்டியது தாலுகா ஆபீஸுக்கு. வாரிசுச் சான்று தருபவர் தாசில்தார். வில்லேஜ் ஆபீஸர் விசாரிப்பார். அரசிதழில் அறிவிப்பு வரும். 30 நாளில் ஆட்சேபம் வராவிட்டால் சான்று கிடைக்கும். நிலத்தைப் போக்குவரவு செய்து (வாரிசுகள் பேருக்கு மாற்றி) வரி கட்ட இதைத்தான் கேட்பார்கள்.

சக்சஷன் சர்டிபிகேட்டை 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நீதிமன்றம் தருகிறது. டெபாசிட், பங்கு, வரவேண்டிய கடன் இவற்றுக்குத்தான் அது, நிலத்துக்கு உதவாது. செலவும் அலைச்சலும் அதிகம். நாமினி இல்லாத பெரிய தொகை, அல்லது வாரிசுகளுக்குள் தகராறு இருந்தால் மட்டும் போங்கள்.

பாங்க் டெபாசிட்டுக்கு மகன் நாமினி என்றால் பணம் அவர் கையில் வரும். அதனால் அது அவருடையதாகிவிடாது. அம்மாவின் பங்கு அப்படியே இருக்கிறது. இதைச் சொல்லாமல் அம்மாவிடம் கையெழுத்து வாங்குவது அநியாயம்.

இரண்டு மனுவிலும் தவறு நடக்கும் இடம் வாரிசுப் பட்டியல். இந்துக் குடும்பத்தில் அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் அம்மாவுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சமபங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடிருந்தால் அவருக்கும் அதே பங்கு. அம்மா, இரண்டு பிள்ளைகள், பாட்டி என்றால் ஆளுக்குக் கால் பங்கு. கட்டிக்கொடுத்த மகளையும் பாட்டியையும் விட்டு எழுதினால் ஆட்சேபத்தில் மாட்டும்.

அடுத்தது பெயர். ஆதாரத்தில் வீட்டுப்பேர், பாஸ்புக்கில் இனிஷியல் என்று இருந்தால், இருவரும் ஒரே ஆள்தான் என்ற சான்றை வில்லேஜ் ஆபீஸில் முதலிலேயே வாங்கி மனுவோடு வையுங்கள்.