ஊதாவா, சிவப்பா, பழுப்பா?

முட்டி தேய்ந்து அழுதுகொண்டே வரும் பிள்ளைக்கு என்ன நிறத்தில் மருந்து தடவுகிறார்கள் என்பதை வைத்தே தடவுகிறவரின் வயதைச் சொல்லிவிடலாம். பாட்டி கை ஊதா மருந்துக்குப் போகும், அம்மா கை சிவப்பு மருந்துக்கு. இப்போதுள்ளவர்களுக்கு பீட்டாடின்.

ஊதா என்பது ஜென்ஷன் வயலட். பெயரில் இருக்கும் ஜென்ஷன் பூவுக்கும் இதற்கும் நிறத்தைத் தவிர ஒட்டுமில்லை உறவுமில்லை. துணிக்கு ஏற்றிய செயற்கைச் சாயம்தான். 1884-இல் டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் இந்த வகைச் சாயத்தைக் கிருமிகளுக்கு ஏற்றிப் பார்த்தார். சில கிருமிகள் நிறத்தை விடாமல் பிடித்துக்கொண்டன, சில கழுவியதும் வெளுத்தன. பிடித்துக்கொள்ளும் கூட்டத்துக்கு அவர் பெயராலேயே கிராம் பாசிட்டிவ் என்று பெயர். அந்தக் கூட்டத்தைத்தான் சாயம் முடக்குகிறது, மற்றவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன என்று 1912-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் சர்ச்மன் காட்டினார். ஆகவே எல்லாப் புண்ணுக்கும் இது மருந்தில்லை.

பூஞ்சையிடம் மட்டும் இதன் செல்வாக்கு குறையவில்லை. கைக்குழந்தையின் நாக்கில் தயிர் ஒட்டியதுபோல வெள்ளை படிந்து, துடைத்தாலும் போகாது இருக்குமே, அதற்கு நன்றாகவே கேட்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு வாய்க்குச் சொல்லும் அளவு 0.25 சதவீதம். 1 சதவீதக் குப்பியை அப்படியே வாயில் தடவினால் வாயே புண்ணாகிவிடும். பச்சை ரணத்தில் வைத்தால் பச்சை குத்தியதுபோலத் தோலில் நிறம் தங்கிவிடலாம். சுண்டெலிச் சோதனைகளில் புற்றுநோய் வந்ததை முன்வைத்து, இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று கனடா அரசு 2019-இல் எச்சரித்தது.

சிவப்பு மருந்தான மெர்குரோகுரோமும் சாயம்தான், பாதரசம் சேர்ந்த சாயம். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க மருத்துவர் ஹியூ யங் இதைக் கொண்டுவந்தது சிறுநீர்ப் பாதை நோய்களுக்காக. டிஞ்சர் மாதிரி எரியாது என்பதால் வீட்டுக்குள் வந்துவிட்டது. எரியாததோடு சரி, கிருமியை அடிப்பதிலும் சாதுதான். அமெரிக்காவில் 1998-இலேயே அங்கீகாரம் போயிற்று. பழைய குப்பி இருந்தால் கழித்துவிடலாம்.

பீட்டாடினில் இருப்பது போவிடோன் அயோடின். 10 சதவீதம் என்று எழுதியிருந்தாலும் வேலைக்கு வரும் அயோடின் 1 சதவீதம்தான். அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ் எல்லாவற்றையும் தாக்கும். எனக்கு இதில் பிடித்தது அந்தப் பழுப்பு நிறம். நிறம் மங்கினால் அயோடின் செலவாகிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். ஊதா அப்படியில்லை, நாலு நாள் ஒட்டிக்கொண்டு, அடியில் புண் சிவக்கிறதா சீழ் கோக்கிறதா என்பதை மறைத்துவிடும். ஆனால் தைராய்டு தொல்லை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் பீட்டாடினைத் தொடக்கூடாது. பச்சிளங்குழந்தைக்கும் அதே விதி.

முட்டிச் சிராய்ப்புக்கு முதலில் குழாயடி, சோப்பு. மண் போன பிறகு பீட்டாடின் போட்டு இரண்டு நிமிடம் காயவிட்டால் போதும். குழந்தை வாய்க்கு மருத்துவர் ஊதா எழுதிக்கொடுத்தால், மூடியைத் திறக்குமுன் பழைய பனியனுக்கு மாறிக்கொள்ளுங்கள். சோப்புக்கெல்லாம் மசியாது அது.