ஹெல்மெட்டில் மணி, வாட்சில் குரல்: எந்தத் தீர்வு நிற்கும்?

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஏலகிரிக்கு வண்டி ஓட்டும்போது போனில் கால் வருகிறது. ஹெல்மெட்டுக்குள் பொருத்திய ப்ளூடூத் ஹெட்செட்டில் மணி அடிக்கிறது, எடுத்தால் குரல் மட்டும் கையிலுள்ள ஸ்மார்ட் வாட்சில் வருகிறது. நெடுஞ்சாலைக் காற்றில் அந்தச் சின்ன ஸ்பீக்கர் காதில் விழாது.

இரண்டு கருவிகளின் ரேடியோ அலை ஒன்றோடொன்று மோதுகிறது என்று பலர் ஹெட்செட்டையே மாற்றிவிடுகிறார்கள். அது வீண் செலவு. ப்ளூடூத் 79 சேனல்களில் நொடிக்கு 1600 முறை வரை தாவுவதால் இரண்டு கருவிகள் பக்கத்தில் இருப்பது அதற்குப் பெரிய தொல்லையில்லை. கால் பேசும் வசதியுள்ள வாட்ச், போனிடம் தன்னையும் ஒரு ஹெட்செட் என்றே பதிந்துகொள்கிறது. போனோ குரலை ஒரு நேரத்தில் ஒரு கருவிக்குத்தான் அனுப்பும், பெரும்பாலும் கடைசியாக இணைந்ததற்கு.

அதனால் "வாட்சை முதலில் இணை, ஹெல்மெட்டைக் கடைசியில் ஆன் செய்" என்ற வழி கிளம்பும்போது வேலை செய்யும், பாதியில் கைவிடும். போன் வலப்புறப் பின் பையில், வாட்ச் இடது கையில் என்றால் நடுவே உடம்பு இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பிலுள்ள நீர் உறிஞ்சும். வாட்சின் இணைப்பு அறுந்து மறுபடி இணைந்தால், அதுதான் இப்போது கடைசி.

ஆண்ட்ராய்டில் நிலையாக நிற்பது இன்னொரு வழி. ப்ளூடூத் பட்டியலில் வாட்ச் பெயருக்குப் பக்கத்திலுள்ள கியர் குறியைத் தொட்டு, போன் கால்ஸ், மீடியா ஆடியோ இரண்டையும் அணையுங்கள். மீடியாவை விட்டுவிட்டால் மேப்ஸ் சொல்லும் திருப்பங்கள் வாட்சுக்குப் போகக்கூடும். நோட்டிபிகேஷன், இதயத்துடிப்பு, காலடிக் கணக்கு எல்லாம் பெரும்பாலும் ப்ளூடூத் லோ எனர்ஜி என்ற தனி இணைப்பில் போவதால் அவை நிற்காது. வாட்சைப் பட்டியலிலிருந்து அழித்து மறுபடி இணைத்தால் இரண்டும் தானாக ஆன் ஆகிவிடும். இந்த வழி சறுக்குவது அங்கேதான்.

விலை குறைந்த வாட்சுகள் பல, பட்டியலில் இரண்டு பெயரில் வரும், ஒன்று டேட்டாவுக்கு, ஒன்று ஆடியோவுக்கு. ஆடியோ பெயரை மட்டும் ஃபர்கெட் கொடுத்துப் பட்டியலிலிருந்து நீக்குவது இன்னும் உறுதி. ஆனால் வீட்டில் வாட்சில் பேச வேண்டுமென்றால் திரும்ப இணைக்க வேண்டும். வாட்சில் பேசும் பழக்கமே இல்லாதவருக்கு இதுவே போதும்.

ஐபோனில் கருவிவாரியாக அணைக்கும் சுவிட்ச் கிடையாது. செட்டிங்ஸ், அக்ஸசிபிலிட்டி, டச், கால் ஆடியோ ரூட்டிங் போய் ப்ளூடூத் ஹெட்செட் என்று வையுங்கள். ஆப்பிள் வாட்ச் கட்டியிருந்தால் காலை ஹெல்மெட் பட்டனில்தான் எடுக்க வேண்டும், வாட்சைத் தொட்டால் குரல் வாட்சுக்கே போய்விடும்.

வாட்சை நேராக ஹெல்மெட்டில் இரண்டாவது கருவியாக இணைப்பது, போன் இல்லாமல் வாட்சிலுள்ள பாட்டைக் கேட்பவருக்கு மட்டும் சரி. மேப்ஸ் குரல் தேவைப்படும் பயணத்துக்கு வேண்டாம். வாட்ச் பாட்டு ஓடும்போது போனின் குரல் அமுங்கிவிடலாம். குழுவாகப் போகும்போது பேசும் இன்டர்காம் ஹெல்மெட்டுக்கு ஹெல்மெட் நேரடி இணைப்பு, வாட்ச் அதில் தலையிடாது.

எதைச் செய்தாலும் சோதனையை ஸ்டாண்டிலேயே முடியுங்கள். வாட்சின் ப்ளூடூத்தை ஒருமுறை அணைத்து ஆன் செய்து அதைக் கடைசியாக இணைய விடுங்கள். பிறகு யாரையாவது அழைக்கச் சொல்லி ஹெல்மெட் பட்டனில் எடுங்கள். அப்போதும் குரல் ஹெல்மெட்டில் கேட்டால், ஏலகிரி அடிவாரத்துப் பொன்னேரி தாண்டி 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் கை ஹேண்டில்பாரிலேயே இருக்கும்.