'லோ பிரஷர்' என்ற பெயரை நம்பி ஏமாந்த கதை: ஸ்பிரே கன் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

மதுரை திருநகரில் எங்கள் வீட்டு மாடி அறையில் அம்மாவின் கல்யாணச் சீர் பீரோ நிற்கிறது. கால் பக்கம் துரு ஏறி, பச்சை பெயிண்ட் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. இந்தக் காலத்து பீரோ மாதிரி இல்லை, நல்ல கனத் தகடு. எடைக்குப் போட மனசு வரவில்லை. வீட்டில் ஏற்கெனவே 1 எச்பி, 24 லிட்டர் டேங்க் வைத்த சின்ன கம்ப்ரஸர் ஒன்று இருந்தது. வண்டி டயருக்குக் காற்றடிக்கவும், ஏசி ஃபில்டரில் தூசி ஊதவும் வாங்கியது. ஒரு ஸ்பிரே கன் மட்டும் வாங்கினால் போதும், நாமே அடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

திருப்பரங்குன்றத்தில் பங்குனித் திருவிழா நடந்துகொண்டிருந்த வாரம். கூட்டத்தில் நீந்தி டவுனுக்குப் போய், மாசி வீதி ஒன்றில் இருக்கும் ஹார்டுவேர் கடைக்குள் நுழைந்தேன். கடைப் பெயர் வேண்டாம். கம்ப்ரஸரின் நேம் பிளேட்டை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அதைக் காட்டி, "இதுக்குச் சேர்ற மாதிரி ஒரு கன் குடுங்கண்ணே" என்றுதான் கேட்டேன். இதை அழுத்திச் சொல்லக் காரணம், பிறகு அதே கடையில் "நீங்க சொல்லவே இல்லையே" என்றார்கள்.

கடைக்காரர் படத்தைப் பார்த்தார். 2,400 ரூபாய் கன் ஒன்றை எடுத்து வைத்தார். மேலே கப் வைத்தது, 1.4 மில்லிமீட்டர் நாசில் (பெயிண்ட் வெளியே வரும் துளை), பெட்டியில் பெரிதாக எச்விஎல்பி என்று போட்டிருந்தது. "எச்விஎல்பின்னா லோ பிரஷர்ண்ணே. உங்க குட்டி கம்ப்ரஸருக்குன்னே செஞ்சது. கண்ணை மூடிட்டு வாங்கிட்டுப் போங்க" என்றார். நானும் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன். பில் கேட்டதற்கு, ஜிஎஸ்டி தனியாகச் சேரும் என்று சொல்லி 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை. பீரோவைத் தேய்த்து, பிரைமர் பூசி, எனாமலில் டர்பன்டைன் கலந்து தயார். முதல் கை நன்றாகவே வந்தது. புகை மாதிரி இறங்கி வழவழவென்று பரவியது. அந்தச் சந்தோஷம் ஒரு கதவின் பாதி வரைக்கும்தான். அதற்குள் டேங்க் அழுத்தம் காட்டும் கேஜ் முள் சரசரவென்று இறங்க, கன் சீராகத் தூவாமல் துப்ப ஆரம்பித்துவிட்டது. மேல் பாதி கண்ணாடி, கீழ் பாதி ஆரஞ்சுத் தோல். காத்திருந்து திரும்ப அடித்தால், மறுபடியும் அரை நிமிடத்தில் அதே கதை. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடி, ஹெட்டில் கை வைக்க முடியாத சூடு. சூடான காற்றோடு சேர்ந்து வந்த ஈரம் தகட்டில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. பதினோரு மணிக்கு ஓவர்லோடு ட்ரிப் ஆகி அதுவும் நின்றது.

கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். "பெயிண்ட் கலக்கத் தெரியலண்ணே, காத்துல தண்ணி வருது" என்று சொல்லி 450 ரூபாய்க்கு ஒரு வாட்டர் ஃபில்டரைத் தலையில் கட்டினார்கள். மாட்டினேன். ஈரம் நின்றது, துப்புவது நிற்கவில்லை. இரண்டாம் முறை போனபோது வேறு நாசில் செட் வாங்கச் சொன்னார்கள். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

பழங்காநத்தத்தில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் கன்னைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கன்னைப் பார்க்கவில்லை. பெட்டியைக் கேட்டார். கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டை நகத்தால் கிளப்பினார். அதன் அடியில் சின்ன எழுத்தில், காற்றுத் தேவை நிமிடத்துக்கு 280 லிட்டர் என்றிருந்தது. சுமார் 10 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 10 கன அடிக் காற்று. வேண்டுமென்றே மறைத்து ஒட்டினார்களா என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் ஒட்டுவதற்குப் பெட்டியில் வேறு இடம் நிறைய இருந்தது.

"தம்பி, லோ பிரஷர்ங்கிறத மட்டும் கேட்டீங்க. முன்னாடி ஹை வால்யூம்னு இருக்கே, அதக் கேட்கலையா?" என்றார்.

விஷயம் இதுதான். எச்விஎல்பி என்றால் ஹை வால்யூம் லோ பிரஷர், அதாவது நிறையக் காற்று, குறைந்த அழுத்தம். எச்விஎல்பி கன்னில், பெயிண்ட் வெளியே வரும் முகப்பில் காற்றழுத்தம் 10 பிஎஸ்ஐக்கு மேல் போகாது. அதனால்தான் பெயிண்ட் எகிறிப் பறக்காமல் தகட்டில் உட்காருகிறது. ஆனால் அந்தக் குறைந்த அழுத்தத்தில் பெயிண்டைப் பொடிப் பொடித் துளிகளாக உடைக்க நிறையக் காற்று வேண்டும். அழுத்தம் குறைவு என்றால் காற்றும் குறைவாகப் போதும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். உண்மை நேர் எதிர். அந்த வகையில் பெரிய கன்கள் 8 முதல் 15 சிஎஃப்எம் வரை இழுக்கும்.

என் கம்ப்ரஸரின் பிளேட்டில் 4.2 சிஎஃப்எம் என்று இருக்கிறது. அதுவும் பிஸ்டன் கணக்கில் போட்ட எண். டேங்கிலிருந்து நம் கைக்கு உண்மையில் வருவது அதில் மூன்றில் இரண்டு பங்கு மாதிரி, 3 என்று வைத்துக்கொள்ளலாம். டேங்க் அழுத்தம் 8 பாரிலிருந்து 3 பாருக்கு இறங்கினால் கிடைக்கும் காற்று 24 பெருக்கல் 5, அதாவது 120 லிட்டர், 4 கன அடி சொச்சம். கன் நிமிடத்துக்கு 10 தின்கிறது, மோட்டார் 3 கொடுக்கிறது, துண்டு விழுவது 7. அரை நிமிடத்துக்குச் சற்று மேல் தாங்கும். நான் சனிக்கிழமை பார்த்த அதே அரை நிமிடம்! வீட்டு மாடியில் சின்ன டேங்க் வைத்துக்கொண்டு கீழே நாலு குழாயையும் திறந்துவிட்ட மாதிரி.

இந்தக் கணக்கு கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது. தினம் பத்துப் பேருக்கு விற்கிறவர். என் கம்ப்ரஸருக்கு ஏற்றது 0.8 அல்லது 1 மில்லிமீட்டர் நாசில் வைத்த மினி கன், இல்லையென்றால் 3, 4 சிஎஃப்எம் போதும் என்று போட்டிருக்கும் எல்விஎல்பி (லோ வால்யூம் லோ பிரஷர்) கன். மினி கன்னில் பெயிண்ட் பட்டை குறுகலாக விழும், நேரம் பிடிக்கும், ஆனால் துப்பாது. எல்விஎல்பி என்று பெட்டியில் இருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள், காற்றுத் தேவை என்ன எண் என்று பாருங்கள். எண்ணே போடாத பெட்டி என்றால் நான் தொடமாட்டேன். கடையில் கம்ப்ரஸர் இருந்தால், பெயிண்ட் இல்லாமல் ட்ரிகரை ஒரு நிமிடம் முழுசாக அழுத்திப் பிடித்து முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொன்னார் அண்ணன். அதுவும் உங்களுடையதைப் போன்ற சின்ன கம்ப்ரஸராக இருக்க வேண்டும். கடையின் பெரிய கம்ப்ரஸரில் எல்லா கன்னும் நன்றாகத்தான் அடிக்கும்.

முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு அடித்தேன் என்றதும் அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன். எனாமலுக்கே துண்டு போதாதாம். ஹார்டனர் கலக்கும் பெயிண்ட் என்றால் சரியான மாஸ்க் இல்லாமல் பக்கத்திலேயே போகக்கூடாது என்றார்.

மூன்றாம் முறை கடைக்குப் போய்ப் பணத்தைக் கேட்டேன். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற போர்டைக் காட்டினார்கள். நுகர்வோர் உதவி எண் 1915 எனக்குத் தெரியும். பில் தர மறுப்பதையே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. ஆனால் என் கையில் இருந்தது கடைப் பெயர்கூட இல்லாத பென்சில் சீட்டு. அதை வைத்து எதை நிரூபிப்பது? அன்றைக்கு ஜிஎஸ்டியைக் கட்டிப் பில் வாங்கியிருந்தால் பேச ஒரு பிடி இருந்திருக்கும். ஃபில்டரோடு சேர்த்து 2,850 ரூபாய் போனது போனதுதான்.

ஒரு மினி கன் வாங்கி, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று பீரோவை முடிக்க நாலு நாள் ஆனது. எச்விஎல்பி கன்னைப் பழங்காநத்தத்து அண்ணனிடமே கொடுத்துவிட்டேன். அவர் பட்டறையில் 3 எச்பி கம்ப்ரஸர். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது ஒரு கார் கதவை அதே கன்னால் அடித்துக்கொண்டிருந்தார். பீங்கான் மாதிரி இருந்தது.