வைக்கோலை எதில் ஊற வைப்பது: வெந்நீரா, மருந்தா, சுண்ணாம்பா?

புழல், மாதவரம் பக்கம் மொட்டை மாடியிலோ வீட்டுப் பின்பக்கத்திலோ ஒரு குடில் போட்டுச் சிப்பிக் காளான் வளர்க்க ஆரம்பிக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, காளான் விதை எங்கே வாங்குவது என்றுதான். காளான் வளர்வது வைக்கோலில்தான், அதை எப்படிச் சுத்தம் செய்வது என்று யாரும் கேட்பதில்லை. பொன்னேரியிலிருந்து வரும் வைக்கோல் கட்டோடு பச்சைப் பூசண வித்து, ஈ முட்டை, நூற்புழு எல்லாம் சேர்ந்தே வருகிறது. அங்கே கோட்டை விட்டால் எவ்வளவு நல்ல விதை போட்டும் பலனில்லை. இதற்கு மூன்று வழி புழக்கத்தில் இருக்கிறது, மூன்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன்.

வெந்நீர்தான் பழைய வழி. வைக்கோலை 3 முதல் 5 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, நாலைந்து மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டு, பிறகு 80 டிகிரி வெந்நீரில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் அமுக்கி வைக்க வேண்டும். எடுத்து உலர்த்திய பின் கையில் இறுக்கிப் பிழிந்தால் சொட்டு விழக் கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும், அதுதான் கிட்டத்தட்ட 65 சதவீத ஈரம். பிரஷர் குக்கர் மாதிரி 121 டிகிரியில் ஆவி ஏற்றினால் இன்னும் சுத்தம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. சுத்தம்தான், ஆனால் நம் குடிலுக்கு அது ஆபத்து. 80 டிகிரியில் ஈ முட்டையும் பெரும்பாலான பூசணமும் செத்துப்போகும், சூடு தாங்கும் சில பாக்டீரியா மட்டும் தங்கி, வெளியிலிருந்து வரும் பூசணத்துக்கு இடம் விடாமல் வைக்கோலைப் பிடித்துக்கொள்ளும். முழுக்கக் கிருமி நீக்கிய வைக்கோல் வெறும் இடம், முதலில் வந்து விழுவது எதுவோ அதற்கே சொந்தம். வடிகட்டிய காற்று வரும் ஆய்வுக்கூடத்தில் அது சரி, ஓலைக் கூரைக்குக் கீழே சரிவராது.

வெந்நீரின் கஷ்டம் எரிபொருள்தான். விறகு வைத்தால் பக்கத்து வீட்டில் புகைக்குச் சண்டை, கேஸ் என்றால் 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் வாங்க வேண்டும். அதனால்தான் பலர் மருந்துக்குப் போகிறார்கள்.

மருந்து முறையின் அளவை இமாச்சலப் பிரதேசத்துச் சோலனில் இருக்கும் காளான் ஆராய்ச்சி இயக்ககத்தின் கையேடுகளிலேயே பார்க்கலாம். 100 லிட்டர் தண்ணீருக்கு 7.5 கிராம் கார்பென்டாசிம் (பூசணக்கொல்லி மருந்து), 125 மில்லி பார்மலின் (ஃபார்மால்டிஹைடு கரைந்த தண்ணீர்), அதில் 10-12 கிலோ வைக்கோலை 16 முதல் 18 மணி நேரம் மூடி வைத்தால் போதும். அடுப்பும் வேண்டாம், காவலும் வேண்டாம். பலன் கிடைக்கிறது என்பதை மறைக்கப் போவதில்லை, இப்படிப் போட்ட படுக்கைகளில் (வைக்கோலும் விதையும் அடுக்கிக் கட்டிய பைகளில்) எனக்குப் பச்சைப் பூசணம் குறைவாகவே வந்தது.

ஆனாலும் அதை விட்டுவிட்டேன். 2018இல் மீனில் பார்மலின் என்ற பேச்சு வந்தபோது சென்னையில் எத்தனை வீடுகளில் மீன் வாங்கப் பயந்தார்கள் என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். ஃபார்மால்டிஹைடை 2004லேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்திவிட்டது. சரி, சரியான அளவில் கலந்து, வாடை போகும்வரை நன்றாக ஆறவிட்டால் காளான் வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு அதில் பெரிதாக எதுவும் போய்ச் சேராது என்றே நினைக்கிறேன். முதலில் மாட்டிக்கொள்வது டிரம்மின் மேல் குனிந்து நிற்கும் நாம்தான், கண்ணும் தொண்டையும் எரிவது வாடைக்காக மட்டும் இல்லை. கார்பென்டாசிம் என் கவலையை இன்னும் கூட்டுகிறது. தடை செய்ய உத்தேசித்து 2020 மே மாதம் மத்திய அரசு வெளியிட்ட 27 பூச்சிமருந்துகளின் வரைவுப் பட்டியலில் அதுவும் இருந்தது. வடித்த தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போகிறது, அறுவடை முடிந்த படுக்கையைப் பக்கத்து மாட்டுக்காரர் கேட்டால் மனசார எடுத்துக் கொடுக்க முடிவதில்லை. போதாக்குறைக்கு, ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் பூசணமும் அதற்குப் பழகிக்கொள்ளும்.

சுண்ணாம்பைப் பற்றி எனக்கு முன்பு நம்பிக்கை இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் நாலு நாள் கேஸ் வரவில்லை, வைக்கோலும் பாதி நனைந்துவிட்டது, கையில் வாங்கி வைத்த விதை பாழாகும் நிலை. அப்போதுதான் நனையாத வைக்கோலை நீர்த்த கிளிஞ்சல் சுண்ணாம்புத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப் போட்டேன். காரத்தன்மை (pH) 12ஐத் தொட்டால் பச்சைப் பூசணத்தால் தலைதூக்க முடியாது, அதற்குப் புளிப்புதான் பிடிக்கும், சிப்பிக் காளானோ காரத்தை ஓரளவு தாங்கிக்கொள்ளும். பத்துப் படுக்கையில் இரண்டு போயிற்று, விதையிலிருந்து வெள்ளைக் காளான் இழை பரவ வழக்கத்தைவிடச் சில நாள் கூடுதலாக ஆயிற்று, மற்றவை நன்றாகவே விளைந்தன. கையுறை இல்லாமல் தொட்டால் தோல் உரிந்துவிடும், அதை மட்டும் மறக்காதீர்கள். நனைந்து பூத்துப்போன வைக்கோலுக்கு இது உதவாது, அதை எந்த முறையும் காப்பாற்றாது, உரக்குழிக்கு அனுப்பிவிடுங்கள்.

ஆகவே என் வரிசை: வெந்நீர் முதலில், எரிபொருள் கிடைக்காதபோது சுண்ணாம்பு, மருந்து வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு பார்த்துச் சுத்தம் செய்ததை நம் கையாலேயே கெடுத்துக்கொள்வதும் நடக்கிறது. காலையில் முதலில் பூசணம் பிடித்த படுக்கையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அதே சட்டையோடு புதுப் படுக்கை கட்ட உட்கார்ந்த நாட்கள் எனக்கும் உண்டு. இப்போது புதுப் படுக்கை வேலை முதலில், அப்புறம் வெள்ளை இழை பரவும் அறை, கடைசியில்தான் அறுவடை அறை. பச்சை தெரிந்த படுக்கையை உள்ளே வைத்துப் பிரிப்பதே இல்லை, பாலித்தீன் பையால் மூடி அப்படியே வெளியே போய்விடும். ஜன்னலுக்குக் கொசுவலை பத்தாது, காளான் ஈ அதற்குள் நுழையும், இன்னும் சின்னக் கண் உள்ள நைலான் வலை வேண்டும். வாசலில் கால் நனைக்க வைத்த பிளீச்சிங் பவுடர் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், சேறு கலந்துவிட்டால் அது வெறும் சேற்றுத் தண்ணீர். வேறொரு குடிலுக்குப் போய்விட்டு வரும் நண்பர் யாராக இருந்தாலும் எங்கள் குடிலுக்குள் அன்றைக்கு அனுமதி கிடையாது. வருத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள், திண்ணையில் காபி கொடுத்துப் பேசி அனுப்புகிறோம்.

ஏப்ரல் பிறந்தால் இந்த வெயிலுக்குச் சிப்பி நிற்காது, 30-35 டிகிரியில் வளரும் பால் காளானுக்கு மாறிவிடுகிறோம். அதற்கு மேலே போடும் மண்ணையும் ஆவியில் வேகவைத்துத்தான் போட வேண்டும், அதனால் டிரம்மும் பர்னரும் வருஷம் முழுக்க வேலை செய்கின்றன.